உரிமம் இல்லாத குரல்களைக் கேட்பது எப்படி

1980இல் நான் அஞ்சலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, கவுண்டரில் எனக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று வானொலிப் பெட்டி உரிமங்களைப் புதுப்பிப்பது. அன்று வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்கு வந்து கட்டணம் கட்ட வேண்டும். ஒவ்வொருவரிடமும் சின்னப் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் வில்லையை ஒட்டி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். கேட்பதற்கே உரிமம் வேண்டியிருந்த காலம். அந்த முறை 1980களிலேயே போய்விட்டது. கும்பகோணத்தில் அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

நான் இங்கே எழுதப்போவது, ஒலிபரப்புவதற்கு உரிமம் வாங்காதவர்களைப் பற்றி. பைரேட் ரேடியோ என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அதைக் கொள்ளை வானொலி என்று தமிழாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. நெதர்லாந்தின் கிழக்கு மூலையில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வாழ்த்துச் சொல்லி இசைத்தட்டுப் போடுகிற மனிதரைக் கொள்ளைக்காரர் என்று என்னால் அழைக்க முடியாது. உரிமமில்லா வானொலி என்றே எழுதுகிறேன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இவர்களைக் கேட்டுவருகிறேன். எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படிக் குறிப்பது, அவர்களுக்கு எப்படி எழுதுவது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

யாரைக் கேட்கப்போகிறோம்

ஐரோப்பாவில் இது கடலில் தொடங்கியது. வானொலி அரசின் கையில் மட்டும் இருந்த நாடுகளில், கரையிலிருந்து சில மைல் தள்ளிப் பன்னாட்டுக் கடற்பரப்பில் கப்பலை நிறுத்தி, அதில் கோபுரம் ஏற்றி ஒலிபரப்பினார்கள். டென்மார்க் பக்கம் 1958இல் ரேடியோ மெர்குர், நெதர்லாந்துக் கரையில் 1960இல் ரேடியோ வெரோனிகா, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 1964 ஈஸ்டர் சமயத்தில் ரேடியோ கரோலைன். இளைஞர்கள் கேட்க விரும்பிய பாட்டை பிபிசி ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் போட்டது. கப்பல்கள் நாள் முழுக்கப் போட்டன. 1967 ஆகஸ்டில் பிரிட்டன் சட்டம் போட்டு அந்தக் கப்பல்களுக்கு உணவும் விளம்பரமும் போவதை நிறுத்தியது. அடுத்த மாதம் 30ஆம் தேதி, அதே வகைப் பாட்டுகளுக்கென்று பிபிசியே ரேடியோ 1 என்ற நிலையத்தைத் தொடங்கியது. கப்பல்காரர்கள் கேட்டது நியாயம்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கரோலைனின் பழைய கப்பல் மி அமிகோ 1980 மார்ச்சில் புயலில் மூழ்கியது. ஆனால் நிலையம் பிழைத்துக்கொண்டது. 2017 முதல் முறையான உரிமத்துடன் 648 கிலோ ஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1942 ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலி உரிமம் வாங்கிய நிலையம் அல்ல. காவல்துறை நெருங்க நெருங்க வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். நவம்பர் 12ஆம் தேதி பிடிபட்டார்கள். 42.34 மீட்டரில் ஒலிபரப்புவதாக அவர்கள் அறிவிப்பார்கள். 300000ஐ மீட்டர் எண்ணால் வகுத்தால் கிலோ ஹெர்ட்ஸ் வரும், 42.34 மீட்டர் என்றால் ஏறத்தாழ 7085 கிலோ ஹெர்ட்ஸ். இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பின்னால் அடிக்கடி தேவைப்படும்.

இன்று கப்பல்கள் இல்லை. கொட்டகைகளும் மாடி அறைகளும்தான். நமக்கு முக்கியமானவர்கள் மூன்று கூட்டத்தார். முதல் கூட்டம் ஐரோப்பாவின் சிற்றலைக்காரர்கள். இவர்கள் 48 மீட்டர் பக்கம், அதாவது 6200 முதல் 6400 கிலோ ஹெர்ட்ஸ் வரை, பெரும்பாலும் வார இறுதியில் வருவார்கள். இரண்டாவது, நெதர்லாந்தின் மத்திய அலைக்காரர்கள்; 1611 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 1700 வரை இவர்கள் ஊர். மூன்றாவது, 6925 கிலோ ஹெர்ட்ஸையும் அதன் அக்கம்பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும் அமெரிக்கர்கள்.

லண்டனில் அடுக்குமாடிக் கூரைகளிலிருந்து பண்பலையில் ஒலிபரப்பியவர்கள் தனிக் கதை. கிஸ் எஃப்எம் 1985இல் அப்படித் தொடங்கி 1990இல் உரிமம் பெற்றது. ரின்ஸ் எஃப்எம் 1994இல் தொடங்கி 2010 வரை காத்திருந்தது. பண்பலை நேர்கோட்டில் போய் நின்றுவிடும் அலை. அந்த ஊரில் இருந்தால்தான் கேட்க முடியும் என்பதால் அவர்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் காதைப் பழக்குங்கள்

நேராக நெதர்லாந்துக்குப் போகாதீர்கள். வீட்டில் மத்திய அலையும் சிற்றலையும் உள்ள பழைய பெட்டி ஒன்று இருந்தால் அதை எடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் மத்திய அலையில் முள்ளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாக நகர்த்துங்கள். பகலில் வானின் கீழ் அடுக்கு ஒன்று இந்த அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்து, மேலடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்பும். பகலில் திருச்சி மட்டும் கேட்ட இடத்தில் இரவில் இலங்கையும் ஆந்திரமும் வடநாடும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுவது இதனால்தான். ஒரு நிலையத்துக்கு அடியில் இன்னொரு நிலையம் முனகுவதைப் பிரித்துக் கேட்கப் பழகுவதே இந்தக் கலையின் அரிச்சுவடி.

பழகும்போதே ஒன்றைக் கவனியுங்கள். திருச்சி வானொலி 936 கிலோ ஹெர்ட்ஸ். அதை 9ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 104 வரும். சென்னையின் 720ஐ வகுத்துப் பாருங்கள், 80. இலங்கையை நோக்கிப் பேசும் தூத்துக்குடியின் 1053, 117. உரிமம் பெற்ற நிலையங்களுக்கு நம் பக்கத்திலும் ஐரோப்பாவிலும் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் இடம் ஒதுக்குவார்கள். சிற்றலையில் அதுவே 5 கிலோ ஹெர்ட்ஸ். உரிமமில்லாதவர் எங்கே இடம் காலியோ அங்கே உட்காருவார். 1636இலும் வருவார், 6291.4இலும் வருவார். பழைய வால்வு வைத்துக் கட்டிய கருவியாக இருந்தால் சூடேறச் சூடேற அலைவரிசை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். எண் ஒழுங்கில்லாமல் இருந்தால் அங்கே நின்று கேளுங்கள். எனக்குக் கிடைத்தவற்றில் பாதிக்குமேல் இந்த ஒரு குறிப்பால் கிடைத்தவை.

வீட்டு இரைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்இடி பல்பு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர் மூன்றும் மத்திய அலைக்கு எதிரிகள். அவற்றை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மொட்டை மாடியில் துணிக்கொடி உயரத்தில் பத்து மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டி, ஒரு முனையைப் பெட்டியின் ஏரியலில் சுற்றினாலே வித்தியாசம் தெரியும். இடி மின்னல் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். எங்கள் தெருவில் மின்சாரம் போகிற இரவுகளே எனக்கு மிகச் சிறந்த வானொலி இரவுகள். தெரு முழுக்க இருட்டும்போது அலைவரிசையும் அமைதியாகிவிடும். அதுவரை இருப்பதே தெரியாத நிலையங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும்.

கும்பகோணத்திலிருந்து எப்படிக் கேட்பது

ஐம்பது வாட், நூறு வாட் சக்தியுள்ள ஒரு டச்சுக்காரரை நம் மொட்டை மாடிக் கம்பியில் பிடிப்பது மிக மிகக் கடினம். நான் பல குளிர்கால இரவுகளில் முயன்றிருக்கிறேன், கிடைத்ததில்லை. ஆகவே நாம் அங்கே போக வேண்டும்.

2014இல் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது மடிக்கணினியைத் திறந்து, "மாமா, இது நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கூரையில் இருக்கிற ரேடியோ. இங்கிருந்தே நீங்கள் திருகலாம்" என்றான். என்ஸ்கடே நகரில் உள்ள ட்வென்டெ பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆர் அது. அங்குள்ள அமெச்சூர் வானொலிச் சங்கமும் பீட்டர் டியெர்க் டி போயர் என்ற ஆய்வாளரும் சேர்ந்து 2008இல் வைத்தது. கூரையில் சின்ன ஏரியல் ஒன்று. அது 29 மெகா ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு அலைவரிசையைக் கேட்கலாம். கட்டணம் இல்லை. இன்னொரு சிறப்பு, டச்சு மத்திய அலைக்காரர்கள் நிறைந்த வட்டாரத்தின் நடுவிலேயே அது இருக்கிறது.

திறந்ததும் அடியில் நீலத் திரை ஒன்று நீர்வீழ்ச்சிபோல நகர்வதைப் பார்ப்பீர்கள். இடமிருந்து வலம் அலைவரிசை, மேலிருந்து கீழ் நேரம். எங்கே நிலையம் இருக்கிறதோ அங்கே பளிச்சென்று ஒரு செங்குத்துக் கோடு விழும். கோட்டின் இருபுறமும் மீன் முள்போல ஒரே மாதிரி ஒளி படர்ந்தால் யாரோ பேசுகிறார் அல்லது பாட்டு ஓடுகிறது. கோடு மட்டும் இருந்து பக்கங்கள் இருண்டிருந்தால் கருவியைப் போட்டுவிட்டு இன்னும் பேசத் தொடங்கவில்லை. அப்படிப்பட்ட கோட்டைவிட்டு நகராதீர்கள். ஒருவர் தேநீர் எடுக்கப் போயிருக்கலாம். பத்து நிமிடம் வெறும் கோட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்து, பிறகு தொண்டையைச் செருமும் ஒலியோடு ஒரு நிலையம் தொடங்குவதைக் கேட்டிருக்கிறேன்.

அலைவரிசைக் கட்டத்தில் எண்ணை அடித்து, ஏஎம் பொத்தானை அழுத்துங்கள். பக்கத்து நிலையத்தின் விசில் குறுக்கிட்டால், கேட்கும் அகலத்தைக் குறுக்குங்கள். அதுவும் போதாவிட்டால் ஏஎம்மை விட்டுவிட்டு எல்எஸ்பி (அலைவரிசையின் கீழ்ப்பக்கம்) அல்லது யூஎஸ்பிக்கு (மேல்பக்கம்) மாறி, விசில் இல்லாத பக்கத்தை மட்டும் கேட்கலாம். அமெரிக்கர்களின் 6925இல் பலர் யூஎஸ்பியில்தான் பேசுவார்கள். அதை ஏஎம்மில் கேட்டால் வாத்து கத்துவதுபோல் இருக்கும். யூஎஸ்பிக்கு மாற்றி, குரல் மனிதக் குரலாகும்வரை பத்து, இருபது ஹெர்ட்ஸாக நகர்த்துங்கள். அமெரிக்கர்களை என்ஸ்கடேயிலிருந்து தேட வேண்டாம். உலகெங்கும் தனிமனிதர்கள் தங்கள் வீட்டில் வைத்துப் பொதுவுக்குத் திறந்துவிட்டிருக்கும் கிவிஎஸ்டிஆர் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வரைபடத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெட்டியில் சிலருக்குத்தான் இடம். மற்றவர்களும் கேட்க வேண்டும், வேலை முடிந்ததும் பக்கத்தை மூடிவிடுங்கள்.

நேரம்

இதில்தான் பலர் தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன், எனவே சற்று நின்று சொல்கிறேன்.

வானொலி உலகில் எல்லாக் குறிப்பும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். கழிக்கும்போது தேதியும் பின்னால் போகும் என்பதை மறக்கவே கூடாது. ஞாயிறு அதிகாலை 2 மணி என்பது யூடிசியில் சனிக்கிழமை 20:30. 1980களில் ஒரு வெளிநாட்டு நிலையத்துக்கு, அவர்களைக் கேட்ட விவரத்தை எழுதி அனுப்பிய அறிக்கையில் மணியைச் சரியாகக் கழித்துவிட்டு, தேதியை நம் தேதியாகவே எழுதிவிட்டேன். நீங்கள் சொல்லும் நாளில் அந்த நேரத்தில் எங்கள் கருவி அணைக்கப்பட்டிருந்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நான் கேட்டது உண்மை. ஆனால் காகிதத்தில் நான் பொய் சொன்னவனாகிவிட்டேன். அன்று முதல் என் குறிப்பேட்டின் இடது ஓரத்தில் யூடிசி தேதி, வலது ஓரத்தில் நம் தேதி என இரண்டையும் எழுதிய பிறகுதான் காதில் ஹெட்ஃபோன் மாட்டுகிறேன்.

ஐரோப்பியச் சிற்றலைக்காரர்களுக்கு ஞாயிறு காலைதான் திருவிழா. அது நமக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். கோடையில் பன்னிரண்டரை முதல், குளிர்காலத்தில் ஒன்றரை முதல் கேட்கத் தொடங்கலாம். பகலில் 6 மெகா ஹெர்ட்ஸ் சில நூறு கிலோமீட்டர்தான் போகும் என்பதால் என்ஸ்கடேயில் ஜெர்மனி, பிரிட்டன், நெதர்லாந்து எல்லாம் தெளிவாக இருக்கும். குளிர்காலத்தில் அங்கே இருட்டியதும் நிலைமை தலைகீழாகும். அருகிலிருந்து வரும் அலை வானைத் துளைத்துக்கொண்டு போய்விடும். பக்கத்து ஊரில் கேட்காதது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கேட்கும். மாலையில் நல்ல நிலையம் ஒன்று திடீரென மங்கினால், அவர் அணைத்துவிட்டார் என்று முடிவுகட்டாமல், இத்தாலியிலோ பின்லாந்திலோ உள்ள கிவி பெட்டிக்கு மாறி அதே எண்ணை அடித்துப் பாருங்கள்.

டச்சு மத்திய அலைக்கு இரவுதான் நேரம், நமக்கு நள்ளிரவுக்கு மேல். அமெரிக்கர்களின் சனிக்கிழமை இரவு நமக்கு ஞாயிறு காலை ஐந்தரையிலிருந்து. வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரத்தில் பென்சில்வேனியாப் பக்கத்து ஒருவர் இரவு இப்போதுதான் தொடங்குகிறது என்று சொல்லிப் பாட்டுப் போடுவதைக் கேட்கலாம்.

மொழி தெரியாமல் எப்படிப் புரிந்துகொள்வது

எனக்கு டச்சு தெரியாது. ஆனால் ஒரு இருபது சொல் தெரியும், அதுவே போதும். "ஹூடனாவொன்ட்" என்றால் மாலை வணக்கம். "க்ரூட்டன்" என்றால் வாழ்த்துகள். அதைத் தொடர்ந்து ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் வரும். "மிடன்கோல்ஃப்" மத்திய அலை, "கோர்ட்டகோல்ஃப்" சிற்றலை. எண்களைப் பத்து வரை கற்றுக்கொள்ளுங்கள், அலைவரிசையைச் சொல்லும்போது காதில் விழும். தொண்டையிலிருந்து காறுவதுபோல ஒரு "ஹ" ஒலி அடிக்கடி வந்தால் டச்சு. அது குறைந்து "இஷ்" என்ற ஒலி மிகுந்தால் ஜெர்மனாக இருக்கலாம்.

டச்சு மத்திய அலையில் நீங்கள் முதலில் கேட்பது அக்கார்டியன் இசை. போல்கா, வால்ட்ஸ், டச்சு நாட்டுப்புறக் காதல் பாட்டு. ஒருவர் பாட்டை நிறுத்தியதும் இன்னொருவர் அதே அலைவரிசையில் வந்து, உன் ஒலி இங்கே எப்படிக் கேட்கிறது என்று சொல்வார். எங்கள் ஊரில் திருவிழா ஒலிபெருக்கிக்காரர்கள் ஒருவர் செட்டை ஒருவர் கேட்டுக் குறை நிறை சொல்வார்களே, அந்தப் பேச்சு அப்படியே.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு என் குறிப்பேட்டில் எழுதியதை இங்கே தருகிறேன். நிலையத்தின் பெயரை எழுத மாட்டேன். அதை வெளியிடுவது அவருக்குத் தொல்லை.

யூடிசி 20:31. 1636 பக்கம் கோடு. அக்கார்டியன், ஆண் குரலில் பாட்டு, மெதுவான தாளம். 20:35, பாட்டு முடிந்தது. இசைத்தட்டின் கடைசி வளையத்தில் முள் சுற்றும் சரசரப்பு, பன்னிரண்டு சுற்று எண்ணினேன். 20:36, ஆண் குரல், வயதானவர், க்ரூட்டன் என்று ஆறு பெயர்கள். 20:39, நாய் குரைக்கிறது, ஒலிவாங்கிக்கு அருகில். அவர் ஏதோ சொல்லி அடக்குகிறார். 20:40 முதல் இரண்டு பாட்டு, பெண் குரல். 20:51, வேறொரு நிலையம் மேலே வந்து அமுக்கியது, எல்எஸ்பிக்கு மாறினேன். 20:58, பேச்சுக்கு நடுவே சுவர்க் கடிகாரம் அடித்தது, பத்து.

அந்தப் பத்து அடியில் எவ்வளவு செய்தி இருக்கிறது பாருங்கள். யூடிசி 21 மணியை ஒட்டிப் பத்து அடித்தால் அந்த வீட்டில் இரவு பத்து மணி. குளிர்காலத்தில் யூடிசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும் நாடு, அதாவது நெதர்லாந்து, ஜெர்மனி பக்கம். பிரிட்டனாகவோ அயர்லாந்தாகவோ இருந்தால் ஒன்பதுதான் அடித்திருக்கும். ஆனால் நேரம் 20:58. என் கணினிக் கடிகாரத்தைச் சரிபார்த்தேன், அது சரி. இணையத்தில் ஒலி வந்து சேரும் தாமதம் ஒன்றிரண்டு விநாடிதான். அதுவும் ஒலியைத் தாமதமாகத்தான் கொண்டுவரும், முந்திக் கொண்டுவராது. 21:00 என்று மாற்றி எழுதிவிடலாமா என்ற எண்ணம் வந்தது. மாற்றவில்லை.

மதிப்பெண்ணும் அறிக்கையும்

கேட்பின் தரத்தை ஐந்து எண்ணில் சொல்லும் முறைக்குச் சின்போ என்று பெயர். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி என்ற வரிசை. ஒவ்வொன்றுக்கும் 5 மிக நன்று, 1 மிக மோசம். குறுக்கீட்டுக்கு 5 என்றால் குறுக்கீடே இல்லை என்று பொருள். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். மேலே சொன்ன இரவுக்கு நான் கொடுத்தது 4 3 3 4 3. கடைசி எண், முன்னுள்ள நான்கில் குறைந்ததை விட்டு அதிகம் விலகக் கூடாது. எல்லாருக்கும் 55555 போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலையத்தாருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. தன் ஏரியல் எந்தத் திசையில் சோப்ளாங்கியாக இருக்கிறது என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

சிற்றலைக்காரர்கள் பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரி ஒன்றை ஒலிபரப்பிலேயே சொல்வார்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது பதிவு செய்துகொள்ளுங்கள்; வெப்எஸ்டிஆரிலேயே பதிவுப் பொத்தான் இருக்கிறது. கடிதத்தில் யூடிசி தேதி, நேரம், அலைவரிசை, சின்போ, குறைந்தது இருபது நிமிட நிகழ்ச்சியின் விவரம் இவை இருக்கட்டும். "இனிமையான பாட்டுகள் கேட்டேன்" என்று எழுதினால் அது எந்த நிலையத்துக்கும் பொருந்தும், அதை அனுப்பாதீர்கள். முள் எத்தனை சுற்றுச் சுற்றியது, நாய் எப்போது குரைத்தது என்று எழுதுங்கள்.

இன்னொன்றை விடாமல் எழுத வேண்டும். நான் இந்தியாவில் இருக்கிறேன், ஆனால் உங்களைக் கேட்டது என்ஸ்கடேயில் உள்ள இணைய வாங்கியின் வழியாக என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அதை மறைத்து, கும்பகோணத்தில் கம்பி கட்டிக் கேட்டதாக எழுதினால், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தன் குரல் போனது என்று அந்த மனிதர் பூரித்துப்போவார், நண்பர்களிடம் சொல்வார். கையில் சூட்டுக்கோலுடன் பல இரவுகள் உட்கார்ந்து கருவி கட்டியவருக்கு அப்படி ஒரு பொய்யான மகிழ்ச்சியைக் கொடுப்பது எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது. சில நிலையங்கள் இணைய வாங்கி வழியாகக் கேட்டவர்களுக்கு, கேட்டதை உறுதிசெய்யும் அட்டையை அனுப்புவதில்லை. அது அவர்கள் விருப்பம். அட்டை வராவிட்டாலும் உண்மையை எழுதுங்கள்.

அவரது வீட்டு முகவரியைக் கேட்காதீர்கள். கிவி பெட்டிகள் மூன்று நான்கை ஒன்றாக இணைத்து, அலை வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து ஒலிபரப்பும் இடத்தை வரைபடத்தில் குறிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. உரிமமில்லா நிலையத்தின் மேல் அதை நான் பயன்படுத்துவதில்லை, நீங்களும் வேண்டாம். அவரைத் தேடுவது அவர் நாட்டு அதிகாரிகளின் வேலை. நாம் அவர் நேயர்கள்.

உங்களுக்கும் ஒலிபரப்ப ஆசை வந்தால்

வரும். சில மாதம் கேட்டாலே வரும். அதை உரிமமில்லாமல் தீர்த்துக்கொள்ள வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். இந்தியாவில் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தொடங்கி 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை, அனுமதியில்லாமல் ஒலிபரப்புவது குற்றம்தான். சட்டத்தைவிட என்னைத் தடுப்பது வேறொன்று. பண்பலை 108 மெகா ஹெர்ட்ஸில் முடியும் இடத்திலேயே விமானங்களுக்கான அலைவரிசை தொடங்குகிறது. சரியாக வடிகட்டாத மலிவான கருவி தன் எல்லைக்குள் நிற்காது. நம் பாட்டு ஒரு விமானியின் காதில் போய் விழுவதற்கு நாம் காரணமாக இருக்கக் கூடாது.

பீகாரில் மன்சூர்பூர் என்ற கிராமத்தில் ராகவ் மஹதோ என்ற இளைஞர் தன் பழுதுபார்க்கும் கடையிலிருந்து, மலிவான பொருள்களை வைத்துக் கட்டிய கருவியால் பண்பலை நிலையம் நடத்தினார். சுற்றுவட்டாரமே கேட்டது. 2006இல் அதிகாரிகள் மூடினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தனிமனிதர் ஒருவர் சிறு ஒலிபரப்பு நிலையம் நடத்த இன்றும் வழி இல்லை. சமுதாய வானொலி உரிமம் கல்வி நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும்தான். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 மெகா ஹெர்ட்ஸ் நிலையம் 2004இல் அந்த வகையில் நாட்டுக்கே முன்னோடியாகத் தொடங்கியது. உங்கள் ஊருக்கு அருகில் அப்படி ஒன்று இருந்தால் போய்க் கேளுங்கள்; நிகழ்ச்சி தயாரிக்க உள்ளூர் ஆட்கள் அவர்களுக்குத் தேவைப்படுவார்கள். கருவி கட்டுவதில் ஆசை இருந்தால் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதுங்கள். அதில் பாட்டுப் போட முடியாது, ஆனால் சொந்தக் கையால் கட்டிய கருவியில் உலகத்தோடு பேசலாம்.

பதில் வரும்வரை

அறிக்கை அனுப்பியபின் அவசரப்படாதீர்கள். சிலர் அன்றிரவே பதில் போடுவார்கள், சிலர் ஆறு மாதம் கழித்து. மூன்று மாதம் ஆனதும் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதற்குமேல் வேண்டாம். க்யூஎஸ்எல் என்று சொல்லும் அந்த உறுதி அட்டை இப்போதெல்லாம் மின்னஞ்சலில் ஒரு படமாகத்தான் வரும். நான் அதை அச்செடுத்து, அந்த இரவின் குறிப்பு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்.

அந்த 1636காரரிடமிருந்து பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. மரமேசை, அதில் இரண்டு இசைத்தட்டுக் கருவிகள், மேசைக்கு அடியில் பழுப்பு நாய் என ஒரு படம். கீழே உடைந்த ஆங்கிலத்தில் நான்கு வரி. இணைய வாங்கி என்று எழுதியதற்கு நன்றி, அதனால் பாதகமில்லை என்று இரண்டு வரி. மீதி இரண்டு கடிகாரத்தைப் பற்றியது: அது தன் பாட்டி வீட்டுக் கடிகாரம், எப்போதும் இரண்டு நிமிடம் வேகமாக ஓடும், இதுவரை எந்த நேயரும் அதைக் கவனித்து எழுதியதில்லை.